வேகமா, மெமரியா?

ஆம்பூர்
9.6.2024

மகன் ஜீவாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன். உனக்கு அந்த இருமல் நின்றதா, மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மறக்காமல் எழுது.

நீ அனுப்பிய பென் டிரைவ் வியாழக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டு ஷர்மிளா ஷூ கம்பெனியிலிருந்து வந்ததும் அவள் வீட்டு ஸ்பீக்கர் பெட்டியில் போட்டோம். பாட்டு நன்றாக வந்திருக்கிறது. ஆரம்பத்தில் வரும் கிட்டார் மனதைத் தொட்டது. இரண்டாவது சரணத்தில் மட்டும் பாடுகிற பெண் மூச்சு இழுப்பது தனியாகத் தெரிகிறது. அதைக் கொஞ்சம் குறைத்தால் தேவலை.

போனைப் பற்றி மறுபடி கேட்டிருக்கிறாய். அதன் ஸ்பீக்கர் போனது போனதுதான். மஹபூப் பாஷா கடையில் காட்டினேன். அந்த மாடலுக்கு இப்போது சாமான் வருவதில்லையாம். புதுசு வாங்கி அனுப்புகிறேன் என்று கிளம்பாதே. டச் போன் எனக்குப் பேஜார். தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தோலுக்குச் சாயம் ஏற்றுகிற டிரம் ஓட்டினேன், ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு எழுதி எழுதியே கையெழுத்து முத்துமுத்தாகிவிட்டது. உன்னை விட்டால் அதை யாரிடம் காட்டுவது?

கம்ப்யூட்டர் நடுநடுவே நின்றுபோகிறது என்று எழுதியிருந்தாயே, அதை மாற்றிவிடு. கம்பெனியை விட்டு வந்தபோது கொடுத்ததில் கொஞ்சம் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம் என்று விவரமாக எழுது. பொங்கலுக்கு உன் சித்தப்பா பேசியதை மனதில் வைத்துக்கொண்டு மருகாதே.

இப்படிக்கு
அப்பா கன்னியப்பன்


சென்னை
30.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு ஜீவா எழுதுவது. இருமல் போயே போய்விட்டது. நீங்கள் முட்டிக்குத் தைலம் தடவுகிறீர்களா, இல்லை பாட்டில் அப்படியே பீரோ மேல் இருக்கிறதா?

அந்த மூச்சுச் சத்தத்தை எப்படிப் பிடித்தீர்கள்? இங்கே ஒருவரும் சொல்லவில்லை. பாடிய பெண்ணே சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்ல ஆளே இல்லை அப்பா. பகலெல்லாம் கல்யாண வீடியோக்களுக்கு மியூசிக் ஒட்டுகிறேன். ரூமில் கூட இருக்கிற நவநீதன் குடியாத்தத்துக்காரன், நல்லவன்தான். ஹெட்போனை நீட்டினால், "அப்பறமா கேக்கறன் மச்சான், இப்ப தலவலி" என்கிறான். ஆறு மாதமாக அவனுக்குத் தலைவலி. என் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

அடுத்த பொங்கல் வரை பார்க்கப்போகிறேன். "பாட்டு போட்டு இன்னா கிழிச்ச?" என்று சித்தப்பா அத்தனை பேர் நடுவில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குள் உருப்படியாக ஒன்று செய்ய முடியவில்லை என்றால், அவர் சொன்ன ஷூ கம்பெனி வேலைக்கே வந்துவிடுகிறேன். அதுவரை ஊருக்கு வந்து அவர் முகத்தில் விழிப்பதாக இல்லை.

கம்ப்யூட்டர் விஷயம். ரிச்சி தெருவில் விசாரித்தேன். கடைக்காரர், "தம்பி, ஒனக்கு ஸ்பீடு வேணுமா, மெமரி வேணுமா? ரெண்டும் வேணும்னா இந்த வெலைக்கு வராது" என்று சொல்லிவிட்டார். ஒரே விலையில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் புது பிராசஸர், கண்ணை மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடும், ஆனால் மெமரி எட்டு ஜிபிதான். இன்னொன்றில் பழைய பிராசஸர், மெமரி முப்பத்திரண்டு. மெமரி என்றால் பாட்டைச் சேர்த்து வைக்கிற இடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது வேறு. வேலை நடக்கும்போது, நான் வைக்க நினைக்கிற நாற்பது வாத்தியங்களையும் ஒரே சமயத்தில் விரித்து வைத்துக்கொள்கிற இடம் இது. நண்பர்கள் எல்லோரும் வேகம் வேகம் என்கிறார்கள். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

உங்கள் மகன்
ஜீவா


ஆம்பூர்
9.7.2024

ஜீவாவுக்கு அப்பாவின் ஆசிகள். தைலம் தடவுகிறேன், நம்பு. குக்கரைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டேன். சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறேன், அதுதான் உடம்புக்கு நல்லது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாஷா கடைக்குப் போனேன். அவன் பொறுமையாக ஒரு பில்லின் பின்பக்கம் படம் போட்டு, எழுதியே விளக்கினான். வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன், சிரிக்காதே.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசர ஆர்டர் என்றால் டிரம்மில் தோலை வாய் வரைக்கும் அடைத்து வேகத்தைக் கூட்டி ஓட்டுவேன். சீக்கிரம் முடித்த பெருமை எனக்கு. அவிழ்த்துப் பார்த்தால் தோல் திட்டுத்திட்டாக இருக்கும், சாயம் உள்ளே ஏறியே இருக்காது. சூப்பர்வைசர் கத்துவார்: "டேய் கன்னியப்பா, எவ்ளோ ஸ்பீடா சுத்தினாலும் உள்ள தோலு பொரள எடம் வேணாமாடா? லோடுக்குத் தகுந்த டிரம்மப் போடு!" நீ நாற்பது வாத்தியம் வைக்கிறேன் என்கிறாய். அதற்குப் பெரிய டிரம்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மெமரி ஜாஸ்தி உள்ளதையே வாங்கு.

இன்னொரு விஷயம். ஷூ கம்பெனி வேலைக்கு மட்டும் வராதே. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உன் பாட்டு வராத வாரத்தில் எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தபால்காரர் பிரேம்நாத் இப்போதெல்லாம் வாசலில் நிற்பதில்லை, உள்ளே வந்து கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல மனுஷர்.

அன்புடன்
அப்பா


சென்னை
13.10.2024

அன்புள்ள அப்பா, மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ஆனி, ஆவணி முகூர்த்தங்களின் வீடியோ வேலை கழுத்தை நெரித்தது. உடம்பு சௌக்கியம்தானே? முட்டி வீங்குகிறதா?

ஆயுத பூஜைக்குப் புதுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டேன். கோபப்படாதீர்கள், வேகமானதைத்தான் வாங்கினேன். நீங்கள் எழுதியது டிரம்முக்குச் சரி, இது வேறு சமாச்சாரம். மெமரியை அப்புறம் கூட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பட்டனைத் தொட்டதும் திறக்கிறது. நவநீதன்கூடத் தலைவலியை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

இதில் ஒரு பெரிய பாட்டு போடப்போகிறேன். பாட்டு என்றால் வரிகள் கிடையாது, வாத்தியம் மட்டும். வயலின், செல்லோ, தபேலா, பெரிய பெரிய டிரம்ஸ் என்று எல்லாம் சேர்ந்து வரும். இதுவரை செய்ததெல்லாம் இதற்கான பழக்கம்தான்.

தீபாவளிக்கு வரவில்லை அப்பா. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், நீங்களும் கிளம்பி வந்துவிடாதீர்கள்.

உங்கள்
ஜீவா


ஆம்பூர்
17.11.2024

ஜீவாவுக்கு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்படியே.

வாங்கியதை வாங்கிவிட்டாய், இனி அது நன்றாக உழைக்கட்டும். தீபாவளி அமைதியாகப் போனது. நம் தெருவில் இந்த வருஷம் ஒருவரும் வெடி வெடிக்கவில்லை போலிருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் காகிதக் குப்பை, அதைப் பெருக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

ஷர்மிளா குடியாத்தத்துக்குப் போய்விட்டாள். அவள் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். வர நான்கைந்து மாதம் ஆகும். ஸ்பீக்கர் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அந்தப் பக்கத்து வீட்டில் பூட்டு தொங்குவதைப் பார்த்தால் சாயங்காலமே வருவது போல இல்லை.

பாட்டை அவசரப்படாமல் போடு.

அப்பா


சென்னை
5.1.2025

அன்புள்ள அப்பா, குளிர் எப்படி இருக்கிறது? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே போங்கள். ஷர்மிளா அக்காவின் அம்மாவுக்குத் தேவலையா?

முடித்துவிட்டேன். இத்துடன் இருக்கிற பென் டிரைவில் அந்த ஒரு பாட்டு மட்டும்தான் இருக்கிறது. ஐந்து நிமிஷம் பன்னிரண்டு வினாடி. நேற்று காலை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பைலாக எடுக்கச் சொல்லிவிட்டு ஒரு பிறந்தநாள் வீடியோ வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் தயாராக இருந்தது. அப்படியே காப்பி பண்ணிவிட்டேன். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஒவ்வொரு வாத்தியமாக ஐநூறு தடவை கேட்டாகிவிட்டது, மறுபடி கேட்டால் எதையாவது மாற்றத் தோன்றும்.

பொங்கல் வந்துவிட்டது. இந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறேன். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள். சித்தப்பாவுக்கு ஒரு போன் செய்துவிட்டு வந்துவிடுகிறேன். எனக்காகப் பொய் மட்டும் வேண்டாம். உங்கள் காதை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

உங்கள்
ஜீவா


ஆம்பூர்
12.1.2025

என் ஜீவாவுக்கு, பொங்கல் வாழ்த்து. அங்கேயே ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல் வாங்கிச் சாப்பிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் பாட்டை மூன்று தடவை போட்டேன். அதைப் பற்றி எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது.

முதலில் ஒன்றுமே இல்லாதது போல ஆரம்பிக்கிறது. காலை ஷிப்டுக்குப் போகும்போது ரயில்வே கேட்டில் நின்றால், ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே தண்டவாளத்தில் ஒரு சத்தம் ஓடிவரும், அது மாதிரி. பிறகு ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேர்கிறது. ஒன்று வந்ததும் மற்றது விலகி இடம் கொடுக்கிறது, ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. பாதியில் எல்லாம் நின்று ஒரே ஒரு நாதஸ்வரம் வருகிறது பார், அங்கேதான் நான் உட்கார்ந்துவிட்டேன். அது அழுகிற நாதஸ்வரம் இல்லை. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து எல்லோரும் பந்திக்குப் போன பிறகு, வாசிக்கிறவர் யாருக்காகவும் இல்லாமல் தனக்காகக் கொஞ்ச நேரம் வாசிப்பாரே, அப்படி இருந்தது. அதற்குப் பிறகு சிமெண்ட் ஷீட் மேல் மழை பிடித்துக்கொள்வது போல எல்லா வாத்தியமும் திரும்ப வந்து, சட்டென்று விட்டுவிடுகிறது. முடிந்த பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை.

குறை சொல்ல ஒரு இடம்கூட இல்லை. நீ அங்கேயே இரு. சித்தப்பாவுக்குப் போன் செய்யாதே.

அப்பா


சென்னை
2.2.2025

அப்பா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இன்றைக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று நான் தரையிலேயே இல்லை. நவநீதனை உட்காரவைத்து முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒரு இடம் மட்டும் இடித்தது. என் பாட்டில் நாதஸ்வரமே கிடையாது. செல்லோவைத்தான் அப்படி நினைத்துவிட்டாய் என்று சமாதானம் செய்துகொண்டேன். பதினைந்து நாள் அப்படியே ஓடியது. நேற்று நவநீதன், "உங்கப்பா இவ்ளோ எழுதிகீறாரே, எங்க, போடு கேக்கலாம்" என்றான். உனக்கு அனுப்பிய அதே பைலைப் போட்டேன்.

ஒன்றுமே இல்லை. ஐந்து நிமிஷம் பன்னிரண்டு வினாடியும் வெறும் மௌனம். "இன்னாடா மச்சான், ஒண்ணியும் காணம்" என்று அவன் சிரித்தான். மெமரி பற்றாமல் ஒரு வாத்தியமும் உள்ளே ஏறவில்லை, கம்ப்யூட்டர் வெறும் நேரத்தைப் பாட்டு நீளத்துக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது. அதுவும் படுவேகமாக.

அதைத்தான் நீ மூன்று தடவை கேட்டாயா அப்பா? கேட்காமலேயே எழுதினாயா? அப்படியென்றால் கிட்டார் நன்றாக இருந்தது, மூச்சு ஜாஸ்தி என்று எழுதியதெல்லாம் என்ன? எனக்கு இருந்தது நீ ஒரு ஆள். உனக்காகத்தான் போட்டேன். அதுவும் பொய் என்றால் நான் யாருக்குப் போடுவது?

ராத்திரி உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். ஸ்பீக்கர் போன போன், பரண் மேல் ஏறிய குக்கர், எழுதியே விளக்கிய பாஷா, உள்ளே வந்து கொடுக்கிற தபால்காரர். தீபாவளி குப்பையைப் பெருக்கிவிட்டு வெடியே இல்லை என்கிறாய். இதையெல்லாம் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. என் பாட்டைப் பற்றி இருக்கிற வரிகளை மட்டும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

உனக்குக் காது கேட்கவில்லையா அப்பா? எப்போதிலிருந்து? இதற்கு மட்டும் பதில் எழுது.

ஜீவா


ஆம்பூர்
9.2.2025

ஜீவாவுக்கு அப்பா. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

கேட்கவில்லை. போன வருஷப் பொங்கலுக்கு நீ வந்தபோதே பாதிதான் கேட்டது. டிவியை ஏன் இவ்வளவு சத்தமாக வைக்கிறாய் என்று திட்டினாயே. பங்குனியில் அந்தப் பாதியும் போய்விட்டது. வேலூருக்குப் போய்க் காட்டினேன். அத்தனை வருஷம் மெஷின் சத்தத்தில் நின்றதில் நரம்பு அடிபட்டிருக்கிறது, கருவி வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் எழுதிக் காட்டினார். உன்னிடம் சொல்லியிருந்தால் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு வந்து ஷூ கம்பெனி வாசலில் நின்றிருப்பாய். இல்லை என்று சொல் பார்க்கலாம்.

உன் பாட்டுகள் விஷயத்தில் நான் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றையும் ஷர்மிளா முழுசாகக் கேட்பாள். கேட்டுக்கொண்டே அவள் பிள்ளையின் நோட்டில் எனக்கு எழுதுவாள். "கிட்டாரு செமயா கீது மாமா. ரெண்டாவது சரணத்துல அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கறது மட்டும் ஜாஸ்தி கேக்குது." அதை நான் நல்ல தமிழில் திருப்பி எழுதுவேன். அவள் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கே சிரிக்கிறாள், எங்கே எழுதுவதை நிறுத்துகிறாள் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை அவள் இல்லை. பாஷாவிடம் கொண்டுபோயிருக்கலாம். பொங்கல் கூட்டத்தில் அவன் கடையில் வைத்து உன் பாட்டைக் கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நானே பெட்டியில் பென் டிரைவைச் செருகினேன். எண்கள் ஓடின. ஐந்து பன்னிரண்டு ஆனதும் திரும்பவும் முதலிலிருந்து ஓடின. மூன்றாவது தடவை முடிகிற வரைக்கும் பெட்டியின் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. என் பிள்ளை மூன்று மாதம் உழைத்தது இதற்குள்ளே போய்க்கொண்டிருக்கிறது, எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதைத்தான் எழுதினேன். மற்ற கடிதங்களில் இருந்ததெல்லாம் ஷர்மிளா சொன்னது. அது ஒன்றுதான் நானே எழுதியது. அதைப் பொய் என்று நீ சொன்னால் நான் மறுக்க முடியாது.

ஒன்று சொல்லவேண்டும். இத்தனை நாள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி நீங்கள், நீங்கள் என்று எழுதுவாய். இந்தக் கடிதம் முழுக்க நீ, நீ என்று இருந்தது. வீட்டில் நீ பேசுகிற மாதிரியே. திட்டு வாங்கினேன்தான், ஆனாலும் எனக்கு அதைத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றியது. உன் குரல் ரொம்ப நாளாக மறந்துகொண்டே வந்தது, ஜீவா.

அப்பா


சென்னை
16.3.2025

அப்பா, எப்படி கீற? நான் நல்லா கீறேன். இனிமேல் இப்படித்தான் எழுதப்போகிறேன், தமிழ் வாத்தியார் வந்தாலும் பயமில்லை.

ஒரு மாதமாகப் பதில் போடவில்லை என்று நீ வருத்தத்தில் இருப்பாய். முதல் வாரம் சும்மாதான் இருந்தேன், கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிறகு இருந்த காசுக்கு மெமரியைக் கூட்டிப் போட்டேன். பழைய பாட்டைத் திறந்து கேட்டேன். இந்தத் தடவை எல்லா வாத்தியமும் வந்தது, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஒரே கூச்சல். நீ எழுதியது அதைவிட நன்றாக இருந்தது. அதனால் என்னுடையதை அழித்துவிட்டு, உன் கடிதத்தைப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு வரிக்கு வரி புதிதாகப் போட்டேன்.

சித்தப்பாவிடம் வேலை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவர் ஏதோ சொன்னார், சொல்லட்டும். வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். இந்தப் பாட்டை அனுப்பவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். அது ஓடும்போது நான் நோட்டில் எழுதிக் காட்டுகிறேன், நீ பார்த்துக்கொண்டிரு. வேலூரில் கொடுத்த சீட்டையும் எடுத்து வை.

நாதஸ்வரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் சத்தம் வேண்டாம் என்று, சோளிங்கர் பக்கத்திலிருந்து கச்சேரிக்கு வந்திருந்த ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். மைக் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "சோகமா வாசிக்கணுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேணாம்ணே. தாலி கட்டி முடிஞ்சி, எல்லாரும் பந்திக்குப் போய்ட்டாங்கன்னு வச்சிக்கங்க. நீங்க மட்டும்தான் கீறீங்க. ஒங்களுக்கோசரம் வாசிங்க."

அவர் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "ஒனக்கு எப்பிடிப்பா இது தெரியும்? யாரு சொன்னது?" என்றார்.

"எங்கப்பாவுக்கு அப்படித்தான் கேட்டுச்சி" என்றேன்.

உன்
ஜீவா